தேய்ந்த எஸ்யூ கார்புரேட்டர்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

பழைய காரின் கார்புரேட்டர் தகராறு செய்ய ஆரம்பித்ததும் பலரும் முதலில் ஒரு ரிப்பேர் கிட் வாங்கிவிடுகிறார்கள். கிட்டைப் பிரித்தால் கேஸ்கட்கள், ரப்பர் வளையங்கள், ஒரு ஃப்ளோட் வால்வு இருக்கும். எல்லாமே தேவையானவைதான். ஆனால் பல பத்தாண்டுகள் ஓடிய கார்புரேட்டரில் உண்மையில் தேய்வது த்ராட்டில் ஷாஃப்ட் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காற்றுவழியின் தட்டைத் திறக்கும் தண்டு), அது சுழலும் துளை, நீடில், ஜெட் ஆகிய நான்கும். சாதாரண கிட்டில் இந்த நான்கும் பெரும்பாலும் இருக்காது. கிட் போட்ட பிறகும் கோளாறு அப்படியே இருப்பதற்குக் காரணம் இதுதான். எனவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் வண்டி காட்டும் அறிகுறியை வைத்து எது தேய்ந்திருக்கிறது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது எஸ்யூ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் எச்எஸ் வகைக் கார்புரேட்டர். மோரிஸ் மைனர், பழைய மினி, எம்ஜிபி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று பல வண்டிகளில் இது வந்திருக்கிறது. எச்எஸ்2 என்றால் காற்று போகும் வாய் 1¼ அங்குலம், எச்எஸ்4 என்றால் 1½, எச்எஸ்6 என்றால் 1¾. ஓர் அங்குலத்துக்கு மேல் எத்தனை அரைக்கால் அங்குலம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. மேலே உள்ள டோமுக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க அது உயரும். பிஸ்டனின் அடியில் தொங்கும் கூம்பு வடிவ நீடில், கீழே உள்ள ஜெட்டுக்குள் இறங்கி நிற்கும். பிஸ்டன் ஏறினால் நீடிலின் மெலிந்த பகுதி ஜெட்டுக்கு வரும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை) முதல் முழு வேகம் வரை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நீடில், ஒரே ஜெட்தான். எனவே அங்கே ஏற்படும் தேய்மானம் எல்லா வேகத்திலும் ஏதோ ஒரு வகையில் தெரியும்.

கழற்றுவதற்கு முன்

கார்புரேட்டர் மேல் பழி போடப்படும் கோளாறுகளில் பெரும் பகுதி இக்னிஷன் பக்கத்திலிருந்து வருபவை. பாயிண்ட் இடைவெளி, டைமிங், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல், பிளக் வயர் ஆகியவற்றை முதலில் சரிபாருங்கள். அப்புறம் டேப்பட் இடைவெளி. ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்திருந்தாலோ எக்ஸாஸ்ட் வால்வு இறுகி நின்றாலோ எந்தக் கார்புரேட்டரையும் ட்யூன் செய்ய முடியாது. டைமிங் தள்ளிப்போன எஞ்சினில் மிக்ஸர், அதாவது காற்று-பெட்ரோல் கலவை, சரிசெய்வது வீண் வேலை. டைமிங்கைச் சரிசெய்ததும் மிக்ஸரை மறுபடி தொட வேண்டியிருக்கும்.

இன்லெட் மேனிஃபோல்ட் கேஸ்கட்டையும், அதிலிருந்து பிரேக் சர்வோவுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் போகும் வாக்குவம் குழாய்களையும் பார்த்துவிடுங்கள். சர்வோ குழாயை எஞ்சின் ஓடும்போது இடுக்கியால் நசுக்கிப் பிடித்தால் ஐட்லிங் சீராகிறதா? அப்படியானால் காற்றுக் கசிவு அங்கே இருக்கிறது, கார்புரேட்டரில் இல்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி எங்கோ இருக்கும் தீப்பொறியைத் தேடிப் போகும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கார்புரேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது என்பதை ஒரு நிமிடம்கூட மறக்கக் கூடாது.

ஐட்லிங் நிலையாக நிற்பதில்லை

எஞ்சின் ஒரு சமயம் 700 ஆர்.பி.எம்மில் நிற்கிறது, சிக்னலில் நிறுத்தினால் 1,100க்கு ஏறுகிறது, ஆக்ஸிலரேட்டரைத் தட்டிவிட்டால் வேறு ஓர் எண்ணில் போய் உட்காருகிறது. ஸ்க்ரூவைத் திருகித் திருகிப் பார்த்தும் பயனில்லை. ஜெட்டை ஏற்றி இறக்கும் மிக்ஸர் நட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் பெரிய மாற்றம் இல்லை. இப்படி இருந்தால் முதல் சந்தேகம் த்ராட்டில் ஷாஃப்ட் மேல்தான் விழ வேண்டும்.

காரணம் இது. த்ராட்டில் தட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஐட்லிங்கில் கடுமையான வாக்குவம் இருக்கும். ஷாஃப்ட் ஆடினால் அந்த இடைவெளி வழியாக, ஜெட்டைக் கடக்காத வெறும் காற்று உள்ளே போகும். ஷாஃப்ட் ஒவ்வொரு முறையும் சற்று வேறு இடத்தில் உட்காருவதால் கசிவின் அளவும் மாறும். அதனால்தான் ஐட்லிங் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணில் நிற்கிறது.

சோதிப்பது எளிது. லிங்கேஜையும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டின் நுனியை விரல்களால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் மாட்டியிருக்கும்போது ஆட்டினால் தேய்மானம் மறைந்துவிடும். கையில் தெளிவாக உணரும் ஆட்டம் இருந்தால் போதும், வேறு சாட்சி தேவையில்லை. உறுதி செய்துகொள்ள வேண்டுமானால் எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஷாஃப்ட் பாடியிலிருந்து வெளிவரும் இரு பக்கமும் கெட்டியான கிரீஸைத் தடவுங்கள். சில வினாடிகளுக்கு ஐட்லிங் மாறி, கிரீஸ் உள்ளே உறிஞ்சப்பட்டதும் பழையபடி ஆனால் கசிவு அங்கேதான். கார்புரேட்டர் க்ளீனரை அங்கே ஸ்ப்ரே செய்து பார்க்கச் சொல்வார்கள். கீழே சூடான எக்ஸாஸ்ட் இருக்கும்போது அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிரீஸே அந்த வேலையைச் செய்கிறது.

பழுது பார்ப்பதில் இரண்டு நிலை உண்டு. முதலில் ஒரு புதிய ஷாஃப்ட்டை வாங்கித் துளைக்குள் விட்டுப் பாருங்கள். பல நேரங்களில் ஷாஃப்ட்தான் அதிகம் தேய்ந்திருக்கும். புதியது ஆட்டமில்லாமல் உட்கார்ந்தால் வேலை அத்தோடு முடிந்தது. புதிய ஷாஃப்ட்டும் ஆடினால் பாடியின் துளை முட்டை வடிவமாகிவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங்கும் கேபிளும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதால் துளை அந்தப் பக்கமாகத்தான் தேயும். அப்போது துளையைப் பெரிதாக்கி புஷ் (துளைக்குள் பொருத்தும் உலோக உறை) அடிக்க வேண்டும். தடிமன் கூடிய ஷாஃப்ட் கிடைத்தால் ரீமர் ஓட்டி அதைப் போடுவதும் ஒரு வழி.

புஷ் வேலையை நல்ல லேத் வேலைக்காரரிடம் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. இரண்டு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். காற்றுவாயின் நடுவையும் விட்டு நகரக் கூடாது. கை ட்ரில்லால் ஒவ்வொரு பக்கமாகத் துளைத்தால் அந்த நேர்கோடு போய்விடும். ஷாஃப்ட் இறுகும், தட்டு ஒரு பக்கம் சுவரில் உரசும், ஐட்லிங் முன்னைவிட மோசமாகும். புஷ் காற்றுவாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது.

தட்டைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. தட்டு எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் வெளியே என்று கீறி அடையாளம் வையுங்கள். அதன் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், திருப்பிப் போட்டால் மூடாது. தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு ஸ்க்ரூக்களின் பின்நுனி பிளந்து விரிக்கப்பட்டிருக்கும். விரிந்ததைச் சேர்த்து அழுத்திவிட்டுத்தான் திருக வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட்டின் மரை போய்விடும். மறுபடி பூட்டும்போது புதிய ஸ்க்ரூக்களையே போடுங்கள். ஸ்க்ரூவைத் தளர்வாக வைத்து, தட்டைச் சில முறை படக்கென்று மூடித் திறந்தால் அது தானாக நடுவுக்கு வந்து உட்காரும். அந்த நிலையில் இறுக்கி, விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். சுற்றிலும் வெளிச்சம் வராமலோ, மிக மெல்லியதாக ஒரே சீராகவோ இருக்க வேண்டும். அப்புறம் மரைக்கு ஒட்டும் திரவம் ஒரு துளி, கடைசியாகப் பின்நுனியை விரித்துவிடுவது. இந்த விரிப்பதைத் தவிர்க்கவே கூடாது. அந்த ஸ்க்ரூ கழன்றால் அது நேராக சிலிண்டருக்குள் போகும்.

காலை எடுத்தாலும் வேகம் இறங்குவதில்லை

இது மேலே சொன்னதற்குப் பக்கத்துச் சொந்தக்காரர். ஆனால் இங்கே ஐட்லிங் மாறி மாறி வராது, ஒரேயடியாக உயரத்திலேயே நிற்கும். கேபிளில் தொய்வு இருக்கிறதா, சோக் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் பிடி) முழுக்க உள்ளே போன பிறகும் வேக ஐட்லிங் ஸ்க்ரூ கேமைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தொடக் கூடாது, சிறு இடைவெளி வேண்டும். அடுத்து, தட்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்பது.

பிற்கால வண்டிகளில் தட்டிலேயே ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு வால்வு இருக்கும். வண்டி வேகமாகப் போகும்போது காலை எடுத்தால் கொஞ்சம் கலவையை உள்ளே விடுவதற்காக, புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்தது. அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் ஐட்லிங்கிலும் வால்வு திறந்துகொண்டு நிற்கும். அந்த வால்வை ஈயப்பற்று வைத்து மூடுவார்கள், அல்லது வால்வு இல்லாத வெறும் தட்டைப் போடுவார்கள். புகைச் சோதனை விதி உங்கள் வண்டியின் வயதுக்குப் பொருந்துமானால் அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

பெட்ரோல் வழிகிறது

எங்கிருந்து வழிகிறது என்பதே இங்கே முக்கியம்.

ஃப்ளோட் சேம்பர் (ஃப்ளோட் என்ற மிதவை பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் சிறு தொட்டி) மூடியில் உள்ள ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வந்தால் ஃப்ளோட் வால்வு மூடவில்லை. பெரும்பாலும் ஒரு துகள் அழுக்குதான் காரணம். வால்வின் கூம்பு நுனியில் வட்டமாக ஒரு பள்ளம் தெரிந்தால் தேய்மானம், வால்வையும் அதன் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே திரவச் சத்தம் கேட்டால் ஓட்டை. சூடான நீரில் அமுக்கினால் குமிழி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பித்தளை ஃப்ளோட்டைப் பற்றவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும் மூடிய பாத்திரத்துக்குச் சூடு காட்டுவது ஆபத்து. புதியது போட்டுவிடுங்கள்.

ஃப்ளோட் மட்டத்தை அளக்க மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட்டின் நெம்பு தன் எடையில் வால்வை மூடியபடி இருக்கும்போது, நெம்புக்கும் மூடியின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். உலோக நெம்பு உள்ள எச்எஸ் வகையில் 3.2 முதல் 4.8 மி.மீ. வரை இருக்க வேண்டும். அந்தத் தடிமனுள்ள ட்ரில் பிட்டை இடையில் விட்டுப் பார்த்தால் போதும். உலோக நெம்பானால் வளைத்துச் சரிசெய்யலாம். நெம்பும் ஃப்ளோட்டும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக இருந்தால் வளைக்க முடியாது. வால்வு இருக்கைக்கு அடியில் வாஷர் சேர்த்துத்தான் மட்டத்தை மாற்ற வேண்டும்.

எல்லாம் புதிதாகப் போட்டும் வழிகிறதென்றால் பம்பின் அழுத்தத்தை அளந்து பாருங்கள். இந்தக் கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. வரையிலான மென்மையான அழுத்தமே ஏற்றது. அசல் பம்பை எடுத்துவிட்டு ஏதோ ஒரு எலெக்ட்ரிக் பம்ப் போட்ட வண்டிகளில் இந்தத் தொல்லை அடிக்கடி வரும்.

கார்புரேட்டரின் அடியிலிருந்து சொட்டினால் விஷயம் வேறு. எச்எஸ் வகையில் ஃப்ளோட் சேம்பரின் அடியிலிருந்து ஜெட்டுக்கு ஒரு நைலான் குழாய் போகிறது. அது சேம்பருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு ரப்பர் உறை பெட்ரோலைத் தடுக்கிறது. குழாயின் நுனி அந்த ரப்பரைத் தாண்டி 4.8 மி.மீ.யாவது நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போது பிடிப்பு கிடைக்காது. நட்டை இன்னும் இன்னும் இறுக்குவதால் பயனில்லை, குழாய் நசுங்கிப் பெட்ரோல் ஓட்டம்தான் குறையும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்களை ஊதவைத்து விரிசல் விடச் செய்கிறது. கார்புரேட்டரைக் கழற்றியிருக்கும்போதே பெட்ரோல் வரும் ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள்.

கறுப்புப் புகை, கரி பிடித்த பிளக், மைலேஜ் சரிவு

இவை மூன்றும் சேர்ந்து வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. முதலில் சோக். எஸ்யூவில் சோக் என்பது காற்றை மறைக்கும் தட்டு அல்ல. லிவர் ஜெட்டையே கீழே இழுக்கிறது, அதனால் நீடிலைச் சுற்றியுள்ள இடைவெளி கூடுகிறது. சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் ஜெட் மேலே வராமல் பாதியில் நின்றால் வண்டி நாள் முழுக்க சோக்கிலேயே ஓடும். அடியில் விரலை வைத்து ஜெட்டை மேலே தள்ளிப் பாருங்கள். அது மேலும் ஏறினால் துப்புரவும் லிங்கேஜ் சரிசெய்வதும்தான் வேலை.

ஜெட் சரியாக ஏறி இறங்குகிறது, மிக்ஸர் நட்டை நன்றாக மேலே திருகியும் புகை போகவில்லை என்றால் நீடிலும் ஜெட்டும் தேய்ந்துவிட்டன. டோமைக் கழற்றி, பிஸ்டனோடு நீடிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று உரசிய கோடு தெரிந்தால் நீடில் ஜெட்டில் உரசிக்கொண்டிருந்தது. ஜெட்டின் வாயைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். புதிய ஜெட்டின் துளை வட்டமாக இருக்கும், எச்எஸ்2, எச்எஸ்4 வகைகளில் பொதுவாக 0.090 அங்குலம். தேய்ந்தது முட்டை வடிவமாக இருக்கும். இங்கே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு மாறினாலே ஐட்லிங் கலவை கெட்டுவிடும். அங்கே நீடிலுக்கும் ஜெட்டுக்கும் நடுவே இருக்கும் மொத்த இடைவெளியே அவ்வளவு சிறியது.

நீடிலையும் ஜெட்டையும் எப்போதும் சேர்த்து மாற்றுங்கள். புதிய நீடிலைத் தேய்ந்த ஜெட்டில் விட்டால் பாதி பழுதுதான் தீரும். நீடிலின் தண்டில் ஏஎன், ஈபி என்பது போலச் சிறிய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும், அதுதான் அதன் அளவுக்குறி. வண்டியில் ஏற்கெனவே இருப்பதே சரியான நீடில் என்று நம்பிவிடாதீர்கள். இத்தனை ஆண்டுகளில் யாராவது மாற்றியிருக்கக்கூடும். உங்கள் எஞ்சினுக்கான தொழிற்சாலைக் கையேட்டைப் பாருங்கள். ஃப்ளோட் சேம்பர் மூடியின் ஸ்க்ரூவில் ஒரு சிறு உலோக வில்லை மாட்டியிருந்தால் அதில் கார்புரேட்டரின் எண் இருக்கும். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

பிஸ்டன் ஸ்பிரிங்கையும் இதே நேரத்தில் கவனியுங்கள். அதன் நுனியில் வண்ணம் பூசப்பட்டிருக்கும். நீலம் 2½ அவுன்ஸ், சிவப்பு 4½, மஞ்சள் 8, பச்சை 12. தவறான ஸ்பிரிங் போட்டால் பிஸ்டன் தவறான உயரத்தில் நிற்கும், சரியான நீடிலும் தவறான அளவு பெட்ரோலைக் கொடுக்கும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது, வெட்டிக் குறைப்பது இரண்டும் வேண்டாம்.

நீடிலை மாட்டும்போது அதன் தோள்பகுதி பிஸ்டனின் அடிப்பரப்போடு சமமாக இருக்க வேண்டும். பக்கவாட்டு ஸ்க்ரூவை மென்மையாக இறுக்கினால் போதும்.

அடுத்து ஜெட்டை நடுவில் நிறுத்துவது. நிலையான நீடில் உள்ள கார்புரேட்டருக்கு மட்டும் இது தேவை. பிற்காலத்தில் வந்த, சிறு ஸ்பிரிங்கால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் நீடிலுக்குத் தேவையில்லை. மிக்ஸர் நட்டையும் அதன் ஸ்பிரிங்கையும் கழற்றி, நட்டை மட்டும் திரும்பப் போட்டு, ஜெட்டை முழுக்க மேலே ஏற்றுங்கள். மேலே உள்ள பெரிய பூட்டு நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். டோமின் உச்சியில் டேம்பர் (பிஸ்டனின் ஏற்றத்தை எண்ணெயால் தடுக்கும் தண்டு) இறங்கும் துளை வழியாக ஒரு பென்சிலால் பிஸ்டனைக் கீழே அழுத்திப் பிடித்தபடி அந்தப் பூட்டு நட்டை இறுக்குங்கள். இப்போது பிஸ்டனை விரலால் உயர்த்திவிட்டால் அது காற்றுவாயின் அடியில் உள்ள மேட்டில் ‘டக்’ என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். ஜெட்டை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். இரண்டு சத்தமும் ஒன்றாக இருந்தால் சரி. ஜெட் மேலே இருக்கும்போது சத்தம் மந்தமாக இருந்தால் நீடில் இன்னும் உரசுகிறது, மறுபடி தளர்த்தி முதலிலிருந்து செய்ய வேண்டும். இதில் பொறுமை இழந்து ‘போதும்’ என்று விட்டுவிட்டால் புதிய ஜெட்டும் பழையது போலவே தேய ஆரம்பிக்கும்.

மிதித்ததும் தடுமாறுகிறது

பிக்கப் கொடுத்தால் ஒரு கணம் வண்டி தயங்கி, பிறகு கிளம்புகிறது. எஸ்யூவில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிடையாது. அதன் வேலையை டேம்பர் எண்ணெய் செய்கிறது. திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் படக்கென்று ஏறாமல் எண்ணெய் தடுக்கும். அதனால் ஜெட்டின் மேல் காற்று வேகம் கூடி, கலவை சற்று நேரம் கெட்டியாகும், அதாவது பெட்ரோல் கூடும். எண்ணெய் இல்லாவிட்டால் பிஸ்டன் துள்ளி ஏறும், கலவை நீர்த்துப்போகும், அதாவது பெட்ரோல் குறையும்.

டோமின் மேலே உள்ள மூடியைத் திருகி எடுத்து எஸ்ஏஇ 20 எண்ணெய் ஊற்றுங்கள். அளவு பார்க்க ஒரு வழி உண்டு. டேம்பரை மெதுவாக இறக்கும்போது, மூடி டோமைத் தொடுவதற்கு சுமார் 6 மி.மீ. இருக்கும்போதே எதிர்ப்பு உணர வேண்டும். அதிகம் ஊற்றினால் கெடுதல் ஒன்றும் பெரிதாக இல்லை, உபரியை எஞ்சின் குடித்துவிடும். ஆனால் சரியான அளவில் ஊற்றியும் சில நாளில் காலியாகிறது என்றால் பிஸ்டனின் குழல்தண்டு அல்லது டோமின் உட்குழல் தேய்ந்திருக்கிறது.

எண்ணெய் சரி, தடுமாற்றம் அப்படியே என்றால் பிஸ்டன் சிக்குகிறதா என்று பாருங்கள். டோமின் உட்சுவரையும் பிஸ்டனின் பக்கத்தையும் மண்ணெண்ணெயோ மெத்திலேட்டட் ஸ்பிரிட்டோ நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. பிஸ்டன் டோமைத் தொடாமல், நூலிழை இடைவெளியில் மிதக்கும்படி தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது. ஒரு டோமின் பிஸ்டன் இன்னொரு டோமுக்குப் பொருந்தாது, எனவே ட்வின் கார்புரேட்டரில் (ஒரே எஞ்சினுக்கு இரண்டு) இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள். பக்கங்களுக்கு எண்ணெய் பூசக் கூடாது, நடுத்தண்டுக்கு மட்டும் ஒரு துளி.

அந்த இடைவெளி இன்னும் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பிஸ்டனின் அடியில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்து, ஸ்பிரிங் இல்லாமல் டேம்பரோடு சேர்த்து, எண்ணெய் இல்லாமல் டோமுக்குள் முழுக்கத் தள்ளுங்கள். பிஸ்டனைக் கையில் பிடித்து, டோம் கீழே தொங்கும்படி திருப்பினால் டோம் தன் எடையில் மெல்ல நழுவி இறங்கும். கீழே பஞ்சுத்துணி விரித்துக்கொள்ளுங்கள். எச்எஸ்2 அளவுக்கு 3 முதல் 5 வினாடி, பெரியவற்றுக்கு 5 முதல் 7 வினாடி ஆக வேண்டும். துடைத்த பிறகும் மிக வேகமாக விழுந்தால் டோமும் பிஸ்டனும் சேர்ந்து தேய்ந்துவிட்டன, ஜோடியாகத்தான் மாற்ற முடியும். பல பழைய கார்புரேட்டர்கள் இந்தச் சோதனையில் இன்னும் நன்றாகத் தேறுகின்றன. இந்த வடிவமைப்பின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு அது ஒரு காரணம்.

கிளம்ப மறுக்கிறது, அல்லது ஓட்டத்தில் மூச்சு வாங்குகிறது

குளிர்ந்த எஞ்சின் கிளம்பாவிட்டால் சோக்கை இழுக்கும்போது ஜெட் உண்மையில் கீழே இறங்குகிறதா என்று இன்னொருவரை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். சூடான எஞ்சின் நிறுத்திச் சிறிது நேரம் கழித்துக் கிளம்பாவிட்டால், சேம்பரில் பெட்ரோல் கொதித்திருக்கலாம். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்ட்டுக்கும் நடுவில் உள்ள தடித்த வெப்பத்தடுப்புத் தகடும், எக்ஸாஸ்ட்டை மறைக்கும் தகரமும் இருக்கின்றனவா? முன்பு யாரோ கழற்றிவிட்டுத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள்.

நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, மேட்டில் வேகம் பிடிக்காமல் மூச்சு வாங்கினால் பெட்ரோல் போதவில்லை. ஃப்ளோட் சேம்பருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஓட்டம் தொடர்ந்து வலுவாக வருகிறதா என்று பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்ததும் சரியாகிவிட்டால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்கில் துரு இருந்தால் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் திரும்பத் திரும்ப அதே கதைதான்.

சுத்தம் செய்வது

பாடி அலுமினியக் கலவை. காரச்சோடா கலந்த க்ளீனர்கள் அதைத் தின்றுவிடும். ரப்பர், நைலான் பாகங்கள் எல்லாவற்றையும் எடுத்த பிறகே கரைப்பானில் போடுங்கள். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, ஒரு கீறலே அதன் அளவை மாற்றிவிடும். மேனிஃபோல்ட்டோடு சேரும் முகப்பைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கப்பட்டவை நெளிந்திருக்கும். நெளிந்த முகப்பைக் கண்ணாடி மேல் ஒட்டிய மென்மையான உப்புத்தாளில் எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமன் செய்யலாம்.

பூட்டி ட்யூன் செய்வது

மிக்ஸர் நட்டை ஜெட்டின் வாய் மேட்டோடு சமமாக வரும் வரை மேலே ஏற்றுங்கள். அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது நட்டின் பன்னிரண்டு முகங்கள், கீழே இறக்குங்கள். இது எஞ்சின் கிளம்பப் போதுமான தொடக்க நிலை. ஐட்லிங் ஸ்க்ரூவைத் தட்டு முழுக்க மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று உள்ளே கொடுங்கள்.

எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மிக்ஸர். பக்கவாட்டில் உள்ள தூக்கும் ஊசியை மெல்ல அழுத்தி, பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள். ஆர்.பி.எம் ஏறி ஏறியபடியே நின்றால் கலவை கெட்டி, நட்டை ஒரு முகம் மேலே திருப்புங்கள். உடனே இறங்கி எஞ்சின் நிற்கப் பார்த்தால் நீர்த்த கலவை, ஒரு முகம் கீழே. சற்று ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரியாக இருக்கிறது. நெடுநேரம் ஐட்லிங்கில் விட்டுச் சரிசெய்துகொண்டே போனால் பிளக்குகளில் கரி படிந்து காது ஏமாறும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை 2,500 ஆர்.பி.எம்மில் அரை நிமிடம் ஓட்டிவிட்டுத் தொடருங்கள்.

ட்வின் கார்புரேட்டரானால் மிக்ஸருக்கு முன்பே காற்றைச் சமன் செய்ய வேண்டும். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட்டின் கிளாம்புகளைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை ஒவ்வொரு காற்றுவாயிலும் மாற்றி மாற்றி வைத்து, சீறல் இரண்டிலும் ஒன்றாகும் வரை ஐட்லிங் ஸ்க்ரூக்களைத் திருப்புங்கள். பிறகு இரு தட்டுகளும் ஒரே நேரத்தில் திறக்கும்படி கிளாம்புகளை இறுக்குங்கள். இங்கேயும் ஷாஃப்ட் ஆடினால் எவ்வளவு முயன்றாலும் சமன் நிற்காது.

கடைசியாக ஏர் ஃபில்டரைப் போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஃபில்டர் இல்லாமல் ட்யூன் செய்தது ஃபில்டரோடு சற்று கெட்டியாகத் தெரியலாம், ஒரு முகம் திருப்பினால் சரியாகிவிடும். கொஞ்ச தூரம் சீரான வேகத்தில் ஓட்டி, எஞ்சினை அப்படியே நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றுங்கள். பீங்கான் வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் நீர்த்த கலவை. அதை அப்படியே விட்டால் வால்வு கருகும், எனவே அன்றே சரிசெய்யுங்கள். கறுப்பாக இருந்தால் அவ்வளவு அவசரமில்லை, சோக் லிங்கேஜிலிருந்து மறுபடி பார்த்து வாருங்கள்.